சூப்பர்வைசருக்கு வயிறு வீங்கியபோது

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிற்றில் பிரியாணி, பக்கத்து வீட்டு டிவியில் கிரிக்கெட். இந்த நேரத்தில் பேனா பிடிக்க எனக்கென்ன வேண்டுதலா? ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் மனம் ஒத்துப் பிரிந்துவிட்டோம். அதற்கப்புறம் நான் எழுதியது ஒரே ஒரு வாசகம்தான்: மீன் கடைத் தொட்டியின் மேல் "கண்ணாடியைத் தட்டாதீர்கள்". அதுவரை சும்மா போய்க்கொண்டிருந்தவர்கள்கூட அதைப் படித்த பிறகு நின்று தட்டிவிட்டுப் போனார்கள். என் எழுத்துக்கு அவ்வளவு சக்தி.

ஆனால் போன வாரம் பழைய பாசத்தில் கடைப்பக்கம் வந்தேன். இப்போது அங்கே வேலை பார்க்கிற உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், குட்டையானவர், போனில் ஒரு கஸ்டமருக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். "வீங்கியிருக்கா சார்? மஞ்சள் பாட்டில்ல அரை மூடி ஊத்திடுங்க, சரியாப் போயிடும்." மீன் எப்படி நிற்கிறது என்று கேட்கவில்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கவே இல்லை. வீட்டில் எத்தனை பேர் என்பதற்கும் மீனின் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கிறீர்கள் அல்லவா? அதற்காகத்தான் கிரிக்கெட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் இந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவன். வயது இருபத்தாறு. சிரிக்க வேண்டாம். மீசை முளைக்கும் முன்பிருந்தே பெங்களூர் விவேக் நகரில் வளர்ப்பு மீன் கடையில் தண்ணீர் மாற்றியவன். என் முகத்துக்குத்தான் இருபத்தாறு, விரல்களுக்கு அறுபது. இப்போது கூரியர் வண்டி ஓட்டுகிறேன். அதில் ஒரு நிம்மதி, பார்சல் எதுவும் மூலையில் போய்க் குப்புற நிற்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இது சில வருடங்களுக்கு முன்பு, நான் கடையில் இருந்தபோது நடந்தது.

பிரகாஷ் என் நண்பன். கால் சென்டர் ஆட்களை ஏற்றி இறக்கும் சுமோ ஓட்டுகிறான். அவன் வீடு அடுகோடியில், வெல்டிங் ஒர்க்‌ஷாப்களுக்குப் பின்னால் ஒரு சந்தில். வீட்டில் நாலு பேர், நாலு ஷிப்ட். பிரகாஷ் விடியும்போது வீடு திரும்புவான். அவன் அண்ணன் குமார் கார்ப்பரேஷன் குப்பை லாரி டிரைவர். பிரகாஷ் வருவதற்கு முன்பே கிளம்பி, வெயில் ஏறும்போது வருவார். அம்மா ஒரு ஆபீஸில் கூட்டித் துடைத்துவிட்டு மத்தியானம் வருவார். குமாரின் மனைவி சுந்தரி அக்காவுக்கு ஓசூர் ரோட்டில் கார்மெண்ட்ஸ் வேலை, பொழுது சாய்ந்துதான் வீடு. நாலு பேரும் முழித்த கண்ணோடு ஒருவரையொருவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

சுந்தரி அக்கா கார்மெண்ட்ஸில் தைத்தது காலர். சட்டை அல்ல, காலர் மட்டும். சேர்ந்த நாளிலிருந்து அதே. அந்த வீட்டில் எதற்கோ வாங்கிய ஒரு மீன் தொட்டி இருந்தது. அதில் எங்கள் கடையிலிருந்து போன ஏஞ்சல் குஞ்சுகள் வளர்ந்து, இரண்டு மட்டும் ஜோடி சேர்ந்துவிட்டன. பட்டம் மாதிரி தட்டையாக, மேலும் கீழும் நீளத் துடுப்போடு நீந்துமே, அந்த ஏஞ்சல். இந்த மீனில் ஒரு தொல்லை உண்டு. நாம் பார்த்து ஜோடி சேர்க்க முடியாது. அதுவே பார்த்து, அதுவே பிடித்துப்போய்ச் சேர வேண்டும். நம் வீட்டில் யாருக்கும் கிடைக்காத சுதந்திரம் அதற்கு உண்டு.

பெண் மீனுக்கு அந்த வீட்டில் வைத்த பெயர் சூப்பர்வைசர். மூலையில் நின்று கண் இமைக்காமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருப்பதால் சுந்தரி அக்கா வைத்த பெயர் அது. ஆண் மீனுக்குப் பெயரே இல்லை. "அவளோட ஆளு" என்பார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஓனர் சுந்தரி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். சென்னையிலிருந்து பெட்டியில் வரும் குஞ்சுகளில் பாதி வழியிலேயே போய்விடுகின்றன, நீ ஒரு நல்ல பேட்ச் எடுத்துக் காட்டு, அப்புறம் ஏஞ்சல் உன்னிடம்தான் வாங்குவேன் என்று. அந்த வார்த்தையை நம்பி அக்கா சம்பளமில்லாத லீவு போட்டார். குஞ்சுகளுக்கென்று இரும்பு ஸ்டாண்டில் காலித் தொட்டிகள் வந்து, வீட்டில் நடக்கிற வழி பாதியாகிவிட்டது. எல்லோரும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தார்கள். முதல் இரண்டு தடவை போட்ட முட்டைகளை மீன்களே தின்றுவிட்டன. புதுப் பெற்றோருக்கு அந்தப் பதற்றம் சகஜம். அடுத்த தடவை சரியாகும் என்று நான்தான் தைரியம் சொல்லியிருந்தேன்.

இதற்குள் ஃபேக்டரியிலிருந்து ஆள் விட்டுச் சொன்னார்கள். ஒண்ணாம் தேதி வந்து மெஷினில் உட்காரவில்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு. குமார் அண்ணன் நல்ல மனிதர். ஆனால் கணக்குப் பார்க்கிற மனிதர். முட்டை பொரிந்தால் இரு, இல்லையென்றால் போய்விடு என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் கடைக்குப் பிரகாஷ் போன் செய்தான்.

"மச்சி, சூப்பர்வைசருக்கு வயிறு வீங்கிப்போச்சு."

"எந்தக் கம்பெனி சூப்பர்வைசர்? மாப்பிள்ளை யாரு?"

"வெளாட்டு வேணாம்டா. அண்ணி அழுதுட்டிருக்காங்க."

போனேன். டிசம்பர் மாதத்துப் பெங்களூர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பல் விளக்குகிற குளிர். சூப்பர்வைசர் மூலையில் தலை கீழாகச் சாய்ந்து நின்றது, துடுப்பெல்லாம் மடித்துக்கொண்டு, மழையில் நனைந்த குடை மாதிரி. வயிறு மட்டும் பக்கத்துக்கு ஒன்றாகப் புடைத்திருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் மீனைப் பார்க்காமல் தொட்டிக்குள் கையை விட்டேன். ஐஸ்.

ஹீட்டர் தண்ணீருக்குள்தான் இருந்தது. அதன் வயர் பிளக்கைத் தேடிப் போனால், தரையில் அநாதையாகக் கிடந்தது. முன் அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் புத்தம்புதிய மொபைல் ஒன்று தொங்கிக்கொண்டு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் மொபைல் வைத்திருந்த பெரிய மனிதர் ஒருவர்தான்.

அக்கா பிரகாஷைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சூப்பர்வைசரும் பார்த்தது போலத்தான் இருந்தது.

"சார்ஜ் ஒரே ஒரு கட்டைதான் அண்ணி இருந்துச்சு" என்றான்.

"இன்னிலேர்ந்து இந்த போனைத் தூக்கித் தண்ணில போடு, அவளுக்குச் சூடாவும் இருக்கும், இன்கமிங்கும் வரும்" என்றேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கஸ்டமர் வீட்டுக்குப் போனால் எல்லோரும் மீனைக் காட்டுவார்கள். நீங்கள் பிளக்கைப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் மீனுக்குச் சாப்பாடு செரிக்காது. உள்ளே போனது உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் குளிர் மட்டும் காரணமாக இருந்தால் ஆண் மீனுக்கும் வீங்கியிருக்க வேண்டும். அது சாதாரணமாகத்தான் இருந்தது. யார் தீனி போடுவது என்று கேட்டேன். நான் மட்டும்தான், காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான் என்றார் அக்கா. வேறு யாரும் தொட மாட்டார்கள் என்று பிரகாஷும் தலையாட்டினான். கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினான்.

அக்கா அடுப்படிக்குப் போனதும், கட்டிலுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஹீட்டர் வயரைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். குமார் அண்ணன் வந்தார். நான் இருப்பது தெரியாது. செருப்பைக் கழற்றினார், கை கழுவினார், நேராகத் தொட்டிக்குப் போய்க் குனிந்தார். "இன்னா, சாப்ட்டியா?" என்று கேட்டார். சூப்பர்வைசர் அந்த நிலையிலும் மெல்ல அசைந்து கண்ணாடிப் பக்கம் வந்தது, பிறந்ததிலிருந்து பட்டினி கிடக்கிற முகத்தோடு. அண்ணன் டின்னைத் திறந்தார்.

எழுந்து நின்றேன். அண்ணன் கையில் சிட்டிகையோடு அப்படியே நின்றுவிட்டார். நான் வாயில் விரல் வைத்து அவரைக் கட்டிலில் உட்காரவைத்தேன். மத்தியானம் அம்மா வந்தார். அவரும் கட்டில் பக்கம் திரும்பவில்லை. நேராகத் தொட்டி. "சாப்ட்டியா கண்ணு? இவங்க போட்டாங்களா இல்லியா?" ஒரு சிட்டிகை.

அப்புறம் பிரகாஷ் தானாகவே ஒத்துக்கொண்டான். விடியற்காலையில் வரும்போது வீடே தூங்கும், முழித்திருப்பது அவள் ஒருத்திதான், அவளைப் பார்க்க வைத்துவிட்டு நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறவன் யாரையாவது சாப்ட்டியா என்று கேட்க வேண்டும். அக்கா லீவு போடும்வரை அந்த வீட்டில் எந்த நேரத்தில் நுழைந்தாலும் கேட்பதற்கு இருந்தது அந்த மீன் மட்டும்தான், பழக்கம் விடவில்லை. அதுவும் ஒருவர் போட்டதை இன்னொருவரிடம் சொல்லாது. வீட்டில் இருப்பவர்களிலேயே கெட்டிக்காரி.

ஆக, நாலு கை தீனி, அதை முந்தி வந்து தின்றது இவள்தான், அதோடு குளிர்ந்த தண்ணீர், அதோடு முட்டை வேறு உள்ளே திரண்டுகொண்டிருக்கும். வயிற்றுக்குள் இடமே இல்லை. நான் சொன்ன வைத்தியம் சின்னது. ஹீட்டர் நிற்கக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற பேதியுப்பைக் கொஞ்சம் கரைத்துத் தொட்டியில் விட வேண்டும். முக்கியமாகப் பட்டினி. உள்ளே இருப்பது வெளியே வரும்வரை ஒரு துணுக்கும் போடக் கூடாது. டின்னைப் பறிமுதல் செய்து என் பையில் போட்டுக்கொண்டேன். நாலு பேரும் சத்தியம் செய்தார்கள். அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், என் தலையில்.

ரெண்டு நாள் கழித்துத் திரும்பிப் போனபோது வயிறு இன்னும் பெரிதாக இருந்தது.

கீழே கூழாங்கல் இடுக்கில் பார்த்தேன். ஒரு சோற்றுப் பருக்கை. கொஞ்சம் தள்ளி பேக்கரி பன்னின் ஒரு துண்டு, ஊறி உப்பிப்போய். அதற்குப் பக்கத்தில் பொரி. டின் போனால் என்ன, ஆளாளுக்குத் தன் தட்டிலிருந்தே பங்கு வைத்திருந்தார்கள். பருக்கை அம்மாவுடையது, பொரி பிரகாஷுடையது. பன் யாருடையது என்று கேட்டேன். குமார் அண்ணன் ஜன்னல் வழியே தெருவைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். மீன் அதில் எவ்வளவு தின்றது, எவ்வளவு விட்டது, யாருக்குத் தெரியும்?

கடைக்கு வந்து ஓனரிடம் சொன்னேன். அவர் சொன்னது வேறு. வயிறு ஏறிக்கொண்டே போகிறதென்றால் அது உள்வியாதி, உடனே பிடித்துக் கடைக்குக் கொண்டு வா, தனித் தொட்டியில் போட்டு ஆன்டிபயாடிக் விடலாம் என்றார். அவர் விவரம் இல்லாமல் சொல்லவில்லை. அந்த மருந்தில் அவர் பிழைக்கவைத்த மீன்களை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். உள்வியாதியாக இருந்தால் தாமதிக்கிற ஒவ்வொரு பொழுதும் நஷ்டம். ஆனால் வெறும் அடைப்பாக இருந்தால், அந்தக் காரமான மருந்தே அவளை முடித்துவிடும். அதோடு, ஜோடியைப் பிரித்தெடுத்தால் திரும்ப விடும்போது அவளோட ஆளு அவளைச் சேர்த்துக்கொள்வானா, கொத்தித் துரத்துவானா என்பதற்கு எவனும் உத்தரவாதம் தர முடியாது.

வலையும் வாளியும் எடுத்துக்கொண்டு போனேன். தொட்டி மேல் குனிந்து, நேர் மேலே இருந்து பார்த்தேன். இதை நீங்களும் பழகிக்கொள்ள வேண்டும். உள்வியாதி என்றால் செதில்கள் பலாப்பழத் தோல் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும், அது மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். இவளுக்குச் செதில் படிந்திருந்தது. இல்லை, ஒரு இடத்தில் கொஞ்சம் தூக்கினாற்போலவும் இருந்தது. அவள் திரும்பினால் படிந்தது, வெளிச்சம் மாறினால் தூக்கியது. அங்கே நின்று நான் எத்தனை முறை குனிந்தேனோ, கழுத்து வலித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு நக்கலும் தோன்றவில்லை.

அக்கா வாளிப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"தம்பி, நேரா சொல்லு. எடுத்துட்டுப் போறியா, விட்டுட்டுப் போறியா?"

ஓனர் எடுத்து வரச் சொன்னார் என்றேன்.

"ஓனர் இங்க வந்து பாக்கலியே. நீதானே பாக்குற." தொட்டிக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "அந்த ஃபேக்டரில நான் ஒரு முழுச் சட்டையைக் கண்ணால பாத்ததில்ல தெரியுமா. காலர் வரும், தைப்பேன், போயிடும். கை எங்கயோ, பட்டன் எங்கயோ. ஏதாவது ஒண்ணை மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நானே பாக்கணும்னுதான் இதுல எறங்கினேன். இவ போயிட்டா நான் காலருக்குப் போகணும். அதனால ஓனர் பேர்ல சொல்லாத. உன் பேர்ல சொல்லு."

இப்படி யாராவது உங்களிடம் கேட்டால் வாளியோடு ஓடிவிடத் தோன்றும். தோன்றட்டும். ஆனால் பதில் சொல்ல வேண்டும். நான் இன்னொரு முறை குனிந்தேன். படிந்துதான் இருந்தது. தூக்கினாற்போலத் தெரிந்தது என் பயம். எடுக்க வேண்டாம் அக்கா, என் பேரிலேயே சொல்கிறேன், இது அடைப்புதான், இங்கேயே இருக்கட்டும் என்றேன். வாளியைக் கவிழ்த்துவைத்தேன்.

சொல்லியாகிவிட்டது. ஆனால் பட்டினி போட்டால்தான் பிழைப்பாள், அந்த வீட்டில் பட்டினி போட ஆள் இல்லை. திட்டிப் பார்த்தாகிவிட்டது, சத்தியம் வாங்கியாகிவிட்டது. அவர்கள் கெட்டவர்களாக இருந்தால் சுலபமாகத் தடுத்திருக்கலாம். பாசக்காரர்களை எப்படித் தடுப்பது? யோசித்துக்கொண்டே கடைக்கு வந்தவன், கை கழுவும்போது கண்டுபிடித்தேன். அந்தக் கைகளுக்குத் தீனி போடுவது முக்கியமில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுக்கு எதையாவது தர வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் காலி மருந்து பாட்டில்கள் கிடந்தன, சொட்டுச் சொட்டாக விடுகிற மூடி போட்டவை. நாலை எடுத்து நன்றாகக் கழுவினேன். தண்ணீர் நிரப்பினேன். வெறும் தண்ணீர் மருந்து மாதிரித் தெரியாதே, அதனால் முட்டைகளுக்குப் பூஞ்சை பிடிக்காமல் போடுகிற நீல மருந்தில் குச்சியைத் தொட்டு, அந்தக் குச்சியைப் பாட்டிலில் ஒரு முறை முக்கினேன். மேகமில்லாத நாளின் வானம் மாதிரி ஒரு நீலம் வந்தது. என் கைவேலையைப் பார்த்து எனக்கே ஒரு மரியாதை பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன், நாலு பேரும் இருக்கிற நாள். வரிசையாக நிற்கவைத்தேன். இது சிங்கப்பூரிலிருந்து வந்த டானிக், ஆளுக்கு ஒரு பாட்டில், வேலையிலிருந்து வந்ததும் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும் என்றேன். நாலு பேர் நாலு சொட்டு விட்டால்தான் வேலை செய்யும். ஆனால் இந்த மருந்தோடு சோறு, பன், பொரி எது சேர்ந்தாலும் விஷம், மீன் செத்துவிடும். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னேன். நான் நடிக்கப் போயிருக்க வேண்டியவன்.

அம்மா பாட்டிலை இரண்டு கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குமார் அண்ணன் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். சுந்தரி அக்கா மட்டும் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு சொட்டுதானே தம்பி? ரெண்டு போயிட்டா?"

"ரெண்டு போனா ஆபத்துக்கா."

அக்கா தலையசைத்தார். வீட்டாரைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? ரெண்டு போனா ஆபத்தாம்."

அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அந்தக் காட்சி நடக்கும். அம்மா தொட்டி முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டு, அப்புறம்தான் சொட்டு விடுவார். குமார் அண்ணன் துண்டில் கையைத் துடைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு விடுவார். பிரகாஷ் "மச்சி, சொட்டு சரியா விழுந்துச்சா பாரு" என்று என்னையே சாட்சிக்குக் கூப்பிடுவான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சந்து முனை வரை நடந்து, வெல்டிங் கடைக்குப் பின்னால் நின்று சிரித்துவிட்டு வருவேன். ஒரு நாள் குமார் அண்ணன் குப்பை லாரியைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தார். பாட்டில் தீந்துபோச்சு, இன்னொண்ணு வேணும், முடிஞ்சா கொஞ்சம் ஸ்ட்ராங்கா குடு என்றார். உள்ளே போய்க் குழாயைத் திறந்து ஸ்ட்ராங்காகக் கொடுத்தேன்.

கூழாங்கல் இடுக்கில் பருக்கை இல்லை, பன் இல்லை, பொரி இல்லை. ஒரு துணுக்குகூட இல்லை.

ஒண்ணாம் தேதிக்கு முந்தின நாள் சூப்பர்வைசரின் அடியில் வெள்ளையாக ஒரு நீள நூல் தொங்கியது. ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த சேதி கேட்டவன் மாதிரி நான் குதித்தேன். மீன் மலத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் அடுகோடியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வயிறு ஒரு பக்கம் இறங்கியது. துடுப்பு விரிந்தது. ஆனால் முட்டைக்கான அடையாளம் ஒன்றும் இல்லை.

ஒண்ணாம் தேதி காலையில் போனபோது அக்கா ஃபேக்டரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டிபன் டப்பாவைக் கையில் பிடித்துத் தொட்டி முன்னால் நின்றிருந்தார். குமார் அண்ணன் லாரிக்குப் போயிருந்தார். பிரகாஷ் தூங்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். தெருமுனையில் ஃபேக்டரி வேன் ஹாரன் அடித்தது.

"முட்டை போடுவாளா, தம்பி?"

அந்த நிமிடம் எனக்கு நாக்கில் தயாராக ஒரு பொய் இருந்தது. கண்டிப்பா போடுவாக்கா, நாளைக்கே போடுவா, நான் கேரண்டி. டானிக்குக்குச் சொன்ன அதே முகத்தோடு சொல்லியிருக்கலாம், அவரும் நம்பியிருப்பார் என்றுதான் நினைத்தேன். சொல்ல முடியவில்லை. அட்டையைக் கழற்றுவதும் மாட்டுவதும் என் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாதுக்கா. பொழைச்சுட்டா, அது மட்டும் தெரியும். முட்டை என் கைல இல்ல."

வேன் இன்னொரு முறை அடித்தது. அக்கா மீனைப் பார்த்தார். அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, பிறந்ததிலிருந்து பட்டினி என்கிற பழைய முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா சிரித்துவிட்டார். அட்டையைக் கழற்றி ஸ்டாண்டின் கொக்கியில் மாட்டினார். டிபன் டப்பாவைப் பிரகாஷிடம் கொடுத்து, சாப்பிட்டுத் தூங்குடா என்றார். வேன் போய்விட்டது. நான் பயந்துபோய் நின்றேன். அவர் எனக்குக் காபி போட உள்ளே போனார்.

அந்த வாரமும் அவள் முட்டை போடவில்லை. நீங்கள் நினைக்கிற மாதிரி எதுவும் நடப்பதில்லை. குமார் அண்ணன் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார், ஓனர் என்னை முறைத்தார், நான் தினமும் ஏதாவது சாக்கு சொல்லி அடுகோடிக்குப் போய் வந்தேன். அப்புறம் ஒரு மத்தியானம், முட்டைக்கென்று வைத்திருந்த சிலேட்டுப் பலகையை விட்டுவிட்டு, ஃபில்டர் குழாயை அவள் வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். குழாய் முழுக்க முட்டை, ஜவ்வரிசி ஒட்டினாற்போல. இந்த முறை இரண்டும் தின்னவில்லை. மாற்றி மாற்றி நின்று துடுப்பால் விசிறின. குஞ்சுகள் நீந்த ஆரம்பித்த அன்று குமார் அண்ணன் லாரிக்கு லீவு போட்டுவிட்டு, தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சுந்தரி அக்கா குஞ்சு ஒவ்வொன்றையும் விரலால் எண்ணி, தவறவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

இன்று உங்கள் கடையின் கீழ் வரிசையில் இருக்கிற ஏஞ்சல்கள் எல்லாம் அந்த வீட்டிலிருந்து வருபவை. நீங்கள் தினமும் தண்ணீர் மாற்றுவது சூப்பர்வைசரின் பேரன் பேத்திகளுக்கு. கொஞ்சம் மரியாதையாக மாற்றுங்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். போனில் அரை மூடி சொல்லாதீர்கள். வீட்டுக்குப் போங்கள், தண்ணீரைத் தொடுங்கள், மேலே இருந்து பாருங்கள், அந்த வீட்டில் எத்தனை கை என்று எண்ணுங்கள். மீன் ஒன்றுதான், கைகள் நிறைய. மருந்து முதலில் கைகளுக்கு. ஓனர் சொன்னதைக் கேளுங்கள், ஆனால் குனிந்து பார்த்தது நீங்கள் என்றால் பதிலும் உங்கள் பேரில் இருக்கட்டும். வேறு வழியில்லையென்றால் மருந்தைப் பற்றி ஒரு பொய் சொல்லிக்கொள்ளுங்கள், நான் மன்னிக்கிறேன். மீனைப் பற்றி மட்டும் பொய் சொல்லாதீர்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் ஒருவர் வேனில் ஏறுவதும் ஏறாததும்.

எழுதி முடித்ததும் பிரகாஷின் வண்டியில் ஏறி உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவனுக்குப் படித்துக் காட்டினேன். அந்த டானிக் ரகசியத்தை இத்தனை வருடமாக அவனிடம்கூட நான் சொன்னதில்லை. எப்படி உங்க குடும்பத்தையே வெறும் தண்ணியை வெச்சு ஏமாத்தினேன் பாத்தியா என்று பெருமையாகக் கேட்டேன். அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னான்:

"பாட்டிலைப் பாத்த அன்னிக்கே அண்ணி இது வெறும் தண்ணின்னு சொல்லிட்டாங்கடா, இனிமே யாராவது தீனி போட்டா நான் காலருக்குப் போயிடுவேன்னு, சொட்டு மட்டும் நீ ஆசையா கொண்டாந்தியேன்னு விட்டுட்டிருந்தோம்."